ஊரார் இசைவு

'இசை' என்னும் அடியிற் பிறந்தது 'இசைவு' என்னும் சொல். இரு குரல்கள் ஒன்றோடொன்று பொருந்துவதும் இசைவே. ஒருவர் கேட்டதற்கு மற்றவர் உடன்படுவதும் இசைவே. உடன்பாட்டு ஆவணத்தை நம் முன்னோர் 'இசைவு தீட்டு' என்றனர். அரசு அலுவலகங்களில் இதற்கு நெருங்கிய உறவுபோல் தோன்றும் வேறொரு தொடர் வழங்குகிறது. 'ஆட்சேபணை இல்லை' என்பது அது. இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது ஒருவர் வாய் திறந்து சொல்வது. பின்னது, குறித்த நாளுக்குள் மறுமொழி வராமற் போனாலே சொல்லப்பட்டதாகக் கொள்ளப்படுவது. ஒரு நாற்காலியை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றுவதற்குப் பின்னது போதும். பல்லாயிரம் ஆண்டு காத்துக் கிடக்க வேண்டிய ஒரு பொருளை ஓர் ஊரின் நிலத்தில் வைப்பதற்கு அது போதுமா? சென்ற அரை நூற்றாண்டில் சில நாடுகள் இவ்வினாவை எதிர்கொண்ட வரலாற்றை ஈண்டு ஒருவாறு காண்போம்.

பொருள் இன்னதென்று முதலில் சொல்லிவிடுவது நன்று. அணுமின் உலையில் யுரேனிய எரிபொருட் கோல்கள் சில ஆண்டுகள் இருந்து வெப்பம் தந்தபின் வெளியே எடுக்கப்படுகின்றன. விறகு எரிந்தால் சாம்பலாகும். இவையோ உருவில் மாறுவதில்லை. போனபோது இருந்த அதே கோல்களாகவே திரும்பி வருகின்றன. ஆனால் போகும்போது கையுறை அணிந்து தொடத்தக்கதாக இருந்த பொருள், திரும்பும்போது அருகே நிற்பவரைச் சிறிது நேரத்தில் கொன்றுவிடத்தக்க கதிரியக்கம் கொண்டதாகிவிடுகிறது. ஆதலின் அவற்றை ஆழமான நீர்த்தொட்டிகளில் பல ஆண்டுகள் ஆறவைக்கின்றனர். வெப்பம் தணியும், கதிரியக்கம் எளிதில் தணியாது. அவற்றிலுள்ள புளூட்டோனியத்தின் முதன்மையான வகை பாதியாகக் குறைவதற்கே 24,000 ஆண்டுகள் வேண்டும். நம் மொழியின் எழுத்துச் சான்றுகள் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடையன என்று பெருமிதம் கொள்கிறோம். அதுபோற் பன்னிரண்டு மடங்கு காலம் அது.

தொடக்கத்தில் எவரும் எந்த ஊரையும் கேட்கவில்லை. அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1970-ஆம் ஆண்டு கான்சஸ் மாநிலத்து லயன்ஸ் என்னும் சிற்றூரின் பழைய உப்புச் சுரங்கத்தைத் தானே தேர்ந்தது. அவ்விடத்தைச் சுற்றிப் பழைய எண்ணெய்த் துளைகள் பல இருப்பதும், அவற்றின் வழியே நீர் உட்புகக்கூடும் என்பதும் மாநிலத்து நிலவியலார் எடுத்துச் சொன்ன பிறகே ஆணையத்திற்கு உறைத்தது. இரண்டாண்டிற்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஊராரைக் கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. எந்தத் துளை எங்கே தோண்டப்பட்டது என்பதை ஊரிற் பழகியவரைவிட யார் அறிவார்?

இனிச் சுவீடனுக்கு வருவோம். இவ்வரலாற்றில் மிக விரிவாகச் சொல்லத்தக்கது அந்நாட்டின் பகுதியே. காரணம், அவர்கள் முதலிற் செய்த தவறும் பெரிது. அதனின்று கற்ற பாடமும் பெரிது.

1976-ஆம் ஆண்டுத் தேர்தலில் அணுமின்சாரத்தை எதிர்த்துப் பேசி ஆட்சிக்கு வந்தவர் ஃபெல்தின் என்பவர். உழவர், ஆடு வளர்த்தவர். அவர் அரசு 1977-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. எரிந்த எரிபொருளை முற்றிலும் பாதுகாப்பாக வைப்பதற்கு வழி காட்டினாலன்றிப் புதிய உலையில் எரிபொருள் இடக்கூடாது என்பது அதன் கருத்து. உலைகளைக் கட்டி முடித்துவிட்டு வாயிலில் நின்ற மின் நிறுவனங்களுக்கு வேறு வழியில்லை. உறுதியான கருங்கற்பாறை எங்கே உண்டென்று தேடி, நாடெங்கும் ஆழ்துளை இடப் புறப்பட்டனர்.

துளையிடும் பொறியுடன் வண்டிகள் ஊர்ப்புறக் காடுகளில் வந்து நின்றபோதுதான் பல ஊர்களில் மக்களுக்குச் செய்தியே தெரிந்தது. சாலைகளில் அமர்ந்தனர். நாட்டின் மேற்கே கின்னெஃபியெல் என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. அங்குள்ளோர் 1980-ஆம் ஆண்டு வசந்தத்தில் மலைமேல் ஒரு குடிலை அமைத்து முறைவைத்துக் காவலிருக்கத் தொடங்கினர். துளைப்பொறி வருகிறதா என்று பார்ப்பதே காவலர் வேலை. பகலும் இரவும், பனியிலும் மழையிலும் அக்காவல் நடந்தது. ஓராண்டு, ஈராண்டு அன்று. 2000-ஆம் ஆண்டு வரை, இருபது ஆண்டு நடந்தது. இம்மலை இனி வேண்டப்படாது என்று அரசின் தரப்பில் உறுதிமொழி கிடைத்த பின்னரே காவலர் இறங்கினர். குடில் எழுந்த ஆண்டிற் பிறந்த குழந்தை, இறுதி ஆண்டுகளில் தானே காவல்முறை ஏற்கும் வயதினை அடைந்திருக்கும்!

1985-இல் உப்சாலா நகருக்கு அருகிலுள்ள அல்முங்கெ என்னும் ஊரில், காவல்துறையினர் ஊராரை அப்புறப்படுத்திய பின்பே துளையிட முடிந்தது. பாறையின் தன்மையை அறிந்துகொள்ள வந்தவர்கள் மக்களின் தன்மையை அறிந்துகொண்டு திரும்பினர் எனலாம். ஒரு துளைக்கே காவற்படை வேண்டுமானால், ஆயிரக்கணக்கான பேழைகளை அறுபது எழுபது ஆண்டுகள் தொடர்ந்து இறக்குவதற்கு எத்தனை படை வேண்டும்? எரிபொருளைக் கையாள்வதற்கென மின் நிறுவனங்கள் கூட்டாக அமைத்திருந்த எஸ்.கே.பி. என்னும் நிறுவனம் இவ்வகைத் துளையிடலை நிறுத்திற்று.

1992-ஆம் ஆண்டு அந்நிறுவனம் செய்தது உலகில் அதற்கு முன் அதிகம் கேள்விப்படாத செயல். சுவீடனில் 'கொம்யூன்' என்பது ஊராட்சி அமைப்பு. நம் நகராட்சியும் ஒன்றியமும் சேர்ந்தது போன்றது. அன்றிருந்த 286 கொம்யூன்களுக்கும் நிறுவனம் ஒரு மடல் எழுதிற்று. 'எங்களுக்கு ஓரிடம் தேவை. உங்கள் பகுதி பொருந்துமா என்று ஆராய நீங்கள் விரும்பினால் எழுதுங்கள். விரும்பாவிடில் வரமாட்டோம்' என்பது அதன் சாரம். பெண் கேட்டுச் செல்வோர் கதவைத் தட்டிவிட்டுத் திண்ணையில் அமர்வதுபோன்ற செயல் அது. முன்பு கதவை உடைத்தவர்களே இப்போது திண்ணையில் அமர்ந்தனர்.

மறுமொழி எழுதியவை மிகச் சிலவே. அவற்றுள் வடபுலத்தைச் சேர்ந்த ஸ்தூருமன், மாலோ ஆகிய இரண்டில் ஆய்வு நடந்தது. இரண்டும் காடு மிகுந்து மக்கள் குறைந்த ஊர்கள். இளைஞர் வேலை தேடித் தெற்கே போய்க்கொண்டிருந்த ஊர்கள். பிழைப்பிற்காக ஊர்விட்டு வந்த நமக்கு இந்நிலை விளங்காததன்று. வேலை வரும் என்னும் ஆசையினால் ஆராயச் சொன்னார்கள். ஆராய்ந்த பிறகு பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். ஸ்தூருமனில் 1995-இல் நூற்றுக்கு 71 பேர் வேண்டாமென்றனர். மாலோவில் 1997-இல் நூற்றுக்கு 54 பேர் வேண்டாமென்றனர். நிறுவனம் இரண்டு ஊர்களையும் விட்டு வெளியேறியது. முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மறுபடியும் வாக்கெடுக்கச் சொல்லவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது சற்றுப் பின்னர் விளங்கும்.

பிறகு முன்னரே அணு உலைகளுடன் வாழ்ந்து பழகிய கொம்யூன்களின் பக்கம் நிறுவனம் திரும்பிற்று. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று ஓஸ்கர்ஷாம், நாட்டின் எரிந்த எரிபொருள் முழுவதும் 1985 முதல் நிலத்தடி நீர்த்தொட்டிகளில் வைக்கப்பட்டிருக்கும் இடம் அது. மற்றொன்று ஓஸ்த்தம்மர், ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையம் இருக்குமிடம். 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று ஃபோர்ஸ்மார்க்கில் ஒரு பணியாளரின் காலணியிற் கதிரியக்கம் தென்பட்டு அபாயமணி ஒலித்ததும், தம் உலையிற் கசிவோ என்று அஞ்சி ஆராய்ந்தவர்கள் அது எங்கோ தொலைவிலிருந்து காற்றில் வந்ததெனக் கண்டதும், செர்னோபில் விபத்தை உலகம் அறிந்ததும் அவ்வழியே. ஆகவே அச்சத்தை அறியாத ஊர் என்று அதனைச் சொல்லிவிட முடியாது.

ஓஸ்கர்ஷாம் ஊராட்சி நடந்துகொண்ட முறை தனியே எண்ணத்தக்கது. அது 'வா' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. 'முதலில் எங்களுக்கு விளங்க வேண்டும்' என்றது. அணுமின்சாரத்தின் ஒவ்வோர் அலகின் மீதும் தீர்வை பெற்றுச் சேர்த்த நிதி ஒன்று அந்நாட்டில் உண்டு. அதிலிருந்து பணம் பெற்று, ஊராட்சி தனக்கெனத் தனி வல்லுநரை அமர்த்திக்கொண்டது. நிறுவனத்தின் அறிக்கைகளை வரிவரியாகப் படித்துக் கேள்வி எழுப்புவதே அவர்கள் பணி. எதிர்ப்பாளர்களைப் பகைவராகக் கருதாமல், அவர்கள் எழுப்பும் ஐயங்கள் ஊருக்குப் பயன்படும் செல்வம் என்று கொண்டனர். பிறகு எதிர்ப்பு இயக்கங்களுக்கும் அதே நிதியிலிருந்து பணம் கிடைக்க வழி செய்யப்பட்டது. எதிர்த்துப் பேசுவோனுக்குப் படிக்கவும் ஆளமர்த்தவும் பொருளுதவி செய்வது! இவ்வரலாற்றில் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்திய செய்தி இதுவே.

சுவீடன் சட்டத்தில் ஊராட்சிக்கு மறுப்புரிமை இருக்கிறது. ஊராட்சி மன்றம் இசையாவிடில் அரசு அனுமதி வழங்க இயலாது. ஆனால் ஒரு சிறு சாளரமும் அச்சட்டத்தில் திறந்தே இருக்கிறது: நாட்டிற்கு இன்றியமையாததாயும் வேறு பொருத்தமான இடம் இல்லாததாயும் இருப்பின், ஊராட்சியின் மறுப்பை அரசு கடந்து செல்லலாம். ஓரங்குலம் திறந்த சாளரம் அறையின் காற்றை மாற்றிவிடும் அல்லவா? எனினும் அதனைப் பயன்படுத்தும் நிலை எழவில்லை. இடையில் தியேர்ப் என்னும் கொம்யூன் 2002-இல் மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் மேற்கொண்டு துளையிட மறுத்தது. அப்போதும் நிறுவனம் விலகிக்கொண்டது.

2009-ஆம் ஆண்டு ஓஸ்கர்ஷாம், ஓஸ்த்தம்மர் இரண்டுமே இசைவாக இருந்த நிலையில், எது தேர்வாகும் என்று தெரிவதற்கு முன்பே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இரண்டு ஊர்களின் வளர்ச்சிக்கும் சேர்த்து ஏறத்தாழ 200 கோடி குரோனர் மதிப்பில் பணிகள் செய்வது; அதில் தேர்வாகும் ஊருக்கு நான்கில் ஒரு பங்கு, தேர்வாகாத ஊருக்கு நான்கில் மூன்று பங்கு! படித்தவுடன் அச்சுப்பிழையோ என்று தோன்றும். பிழையன்று. தேர்வாகும் ஊருக்கு வேலைகளும் கட்டுமானமும் தாமே வரும். தேர்வாகாத ஊரும் இத்தனை ஆண்டு உழைத்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பணத்தைக் காட்டி இசைவை வாங்கினர் என்ற பழியும் இதனால் பெரிதும் நீங்கியது. வாங்குவோர் வேண்டாத பொருளுக்கு மும்மடங்கு கொடுப்பதில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் ஃபோர்ஸ்மார்க் தேர்வாயிற்று. பாறை பிளவுகள் குறைந்தும் நீர் ஊறாமலும் இருந்தமை காரணம்.

இங்குக் கதை முடிந்துவிட்டதென்று கருதுவோர் ஏமாறுவர். எரிபொருளை ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள செப்புப் பேழைகளில் அடைத்து, சுற்றிலும் களிமண் பொதிந்து, ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்தில் வைப்பது அவர்கள் முறை. ஆக்சிஜன் இல்லாத நீரில் செம்பு அரிக்காது என்பது அதன் அடிப்படை. அரிக்கும் என்று ஹுல்ட்குவிஸ்ட் என்னும் ஆய்வாளர் 1986-இலேயே எழுதியிருந்தார். ஏறக்குறைய தனியொருவர் குரலாக ஒலித்த அது, முப்பதாண்டு கழித்து நீதிமன்றத்தில் எதிரொலித்தது. 2018 ஜனவரியில் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்பு பற்றிய ஐயம் தீரும் வரை அனுமதி தரலாகாது என்று அரசுக்குக் கருத்துரைத்தது. ஓஸ்த்தம்மரில் அவ்வாண்டு மார்ச்சு மாதம் நடப்பதாக இருந்த பொதுவாக்கெடுப்பு நிறுத்தப்பட்டது. வல்லுநரே மாறுபட்டு நிற்கையில் ஊராரிடம் வாக்குக் கேட்பது எங்ஙனம் என்பது நியாயமான தயக்கமே. மேலும் ஆய்வறிக்கைகள் சமர்ப்பிக்கப்பட்டு, 2020 அக்டோபர் 13 அன்று ஓஸ்த்தம்மர் மன்றம் 38-க்கு 7 என்ற வாக்கில் இசைந்தது. 2022 ஜனவரியில் அரசு அனுமதி தந்தது; 2025 ஜனவரியில் தோண்டும் பணி தொடங்கிற்று. அந்த மடலுக்கும் இந்தத் தொடக்கத்திற்கும் இடையே 33 ஆண்டுகள்.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கு 1986-இல் டெக்சஸ், வாஷிங்டன், நெவாடா ஆகிய மாநிலங்களில் மூன்று இடங்கள் தேர்ந்து வைக்கப்பட்டிருந்தன. 1987 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நெவாடாவின் யக்கா மலையை மட்டும் ஆராய்ந்தால் போதுமென்றது. பெரிய மாநிலங்கள் இரண்டும் தப்பின. ஆள்பலம் குறைந்த நெவாடா அகப்பட்டது. அது தங்கள் நிலமென்று 1863-ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்டி உரிமை கோரிவரும் மேற்கு ஷோஷோன் பழங்குடியினரை எவரும் கேட்கவில்லை. 2002-இல் நெவாடா ஆளுநர் சட்டப்படி மறுப்புத் தெரிவித்தார், அதனைக் கடந்து செல்லும் உரிமை நாடாளுமன்றத்திற்கு இருந்தது, கடந்து சென்றது. ஆயினும் நெவாடா எதிர்த்துக்கொண்டேயிருக்க, 2010-இல் அரசே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முனைந்தது. மலையைக் குடைய எத்தனையோ கோடி டாலர் செலவிட்ட பின்னும் ஒரு கோல்கூட அங்குப் போய்ச் சேரவில்லை.

அதே 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், விரும்பி ஏற்கும் இடத்தைத் தேடி இடைக்காலச் சேமிப்பகம் அமைப்பதற்கென 'பேச்சுவார்த்தையாளர்' என்றொரு பதவியும் உண்டாக்கப்பட்டது. ஆராய முன்வந்தாலே ஓரிலட்சம் டாலர். மேலே செல்லச் செல்ல மேலும் பணம். விண்ணப்பித்தவருள் பெரும்பாலோர் பழங்குடி மன்றத்தினர். வெள்ளையர் வாழும் கவுண்டிகள் சிலவும் முன்வந்தன. நார்த் டகோட்டாவில் அவ்வாறு விண்ணப்பித்த கவுண்டி ஆணையரை மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்தே இறக்கினர். வயோமிங்கில் ஆளுநர் தடுத்துவிட்டார். எஞ்சியது பழங்குடி நிலமே. வறுமை எங்கே மிகுதியோ அங்கே விருப்பமும் மிகுதியாகத் தோன்றும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நியூமெக்சிகோவின் மெஸ்கலேரோ அப்பாச்சி மக்களிடம் 1995 ஜனவரி 31 அன்று வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாமென்றோர் 490; வேண்டுமென்றோர் 362. அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் ஆதரவாளர்கள் கையொப்பம் திரட்டி, ஆறு வாரத்திற்குள், மார்ச்சு 9 அன்று, மறுவாக்கெடுப்பு நடத்தினர். இப்போது வேண்டுமென்றோர் 593, வேண்டாமென்றோர் 372. எந்த எண்ணை அம்மக்களின் இசைவு என்று கொள்வது? 'ஆம்' என்ற விடை வரும்வரை கேட்டு, வந்தவுடன் நிறுத்திக்கொள்வது கேட்பதாகுமா? மாலோவை விட்டு நிறுவனம் வெளியேறியதை நான் அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். மெஸ்கலேரோ பேச்சும் அடுத்த ஆண்டே முறிந்தது.

யூட்டா மாநிலத்து ஸ்கல் பள்ளத்தாக்கின் கோஷூட் மக்கள் கதை இன்னும் சிக்கலானது. மொத்தமே ஏறக்குறைய 120 பேர் கொண்ட குழு. அவருள்ளும் சிலரே அந்நிலத்தில் வாழ்ந்தனர். அப்பள்ளத்தாக்கைச் சுற்றி இராணுவத்தின் வேதிப்படைக்கலக் கிடங்கும் சோதனைத் தளமும் இருந்தன. 1968-இல் நச்சுவளி சோதனையை அடுத்து அங்கு ஏறத்தாழ 6,000 ஆடுகள் மாண்டன. 'எங்களைக் கேட்காமலே இத்தனை நஞ்சையும் சுற்றி வைத்தீர்கள். இப்போது நாங்களாகவே ஒன்றை ஏற்று வருவாய் தேடினால் மட்டும் எதிர்க்கிறீர்களே' என்பது தலைவரின் வாதம். 'நம் முன்னோர் நிலத்தை விற்காதீர்' என்பது குழுவினுள்ளே எதிர்த்த பெண்மணியின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. 40,000 டன் எரிபொருள் வைப்பதற்கு 2006-இல் உரிமம் கிடைத்தும், யூட்டா மாநிலத்தின் எதிர்ப்பினாலும் அதே ஆண்டு உள்துறை அமைச்சகம் குத்தகையை மறுத்ததாலும் திட்டம் நின்று, 2012-இல் நிறுவனம் கைகழுவியது. அதற்குள் ஓர் ஊர் இரண்டாகப் பிளந்திருந்தது.

பின்லாந்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கு எல்லாம் அமைதியாகவே நடந்தன. அந்நாட்டுச் சட்டம் ஊராட்சிக்கு வழங்கிய மறுப்புரிமையில் சுவீடனிற்போலச் சாளரம் எதுவும் இல்லை. எவுராயொக்கி ஊராட்சி முதலில் அணுக்கழிவு வேண்டா என்றே தன் திட்டத்தில் எழுதி வைத்திருந்தது. 1990-களில் அவ்வரியை நீக்கிற்று. அங்கிருந்த பழைய மாளிகையொன்றை நிறுவனம் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, ஊராருக்குப் புதிய முதியோர் இல்லம் கட்ட உதவிற்று. 2000 ஜனவரியில் மன்றம் 20-க்கு 7 என்று இசைந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் 159-க்கு 3 என்று ஏற்றது. 2004 முதல் அங்கே பாறையைக் குடைந்து வருகின்றனர். குறை ஒன்று சொல்லலாம்: ஊராட்சியிடம் ஒருமுறை கேட்டதோடு சரி. இசைந்தபின் அவ்வூருக்கு மனம் மாறினாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

இனி நம் நாட்டைப் பற்றி. இந்திய அரசின் கொள்கைப்படி எரிந்த எரிபொருள் கழிவன்று. மறுபதப்படுத்திப் பயன்கொள்ளத்தக்க செல்வம். ஆகவே சேமிப்பகம் என்பது வழிநடைச் சத்திரமே, இறுதி இருப்பிடமன்று என்பது அரசின் விளக்கம். இக்கொள்கையில் அறிவியல் நியாயம் உண்டு. தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் இப்பணியில் உழைக்கும் தமிழர் பலர். இம்மலரைப் படிப்போர் வீடுகளிலும் அவர்தம் உறவினர் இருக்கக்கூடும். இடிந்தகரைக் கடற்கரையில் போராட்டப் பந்தலில் அமர்ந்தவர்களின் உறவினரும் இருக்கக்கூடும். இரு சாராரும் நம்மவரே என்பதை மறவாமலே இதனை எழுதுகிறேன்.

1988 நவம்பரில் இராஜீவ் காந்தியும் கொர்பச்சோவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபோது, எரிந்த எரிபொருளைச் சோவியத் நாடே திரும்ப எடுத்துச் செல்வதாக இருந்தது. சோவியத் ஒன்றியம் மறைந்தது. பின்னர் உடன்பாடு மாறி, எரிபொருள் இங்கேயே இருப்பதென்றாயிற்று. ஊரின் வருங்காலத்தை இவ்வளவு மாற்றக்கூடிய அந்தத் திருத்தத்தின்போது ஊரில் எவரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

2013-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வழங்கிய இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஓர் உண்மை புலனாகும். ஏப்ரல் 18 அன்று ஒடிசாவின் நியமகிரி மலை வழக்கில், பாக்சைட் தோண்டலாமா என்பதை அம்மலைவாழ் மக்களின் கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று நீதிமன்றம் கூறியது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன, சுரங்கம் வரவில்லை. பதினெட்டு நாள் கழித்து, மே 6 அன்று, கூடங்குள வழக்கில், உலை இயங்கலாம் என்றும், ஐந்தாண்டிற்குள் எரிந்த எரிபொருளுக்கு உலைக்கு அப்பால் ஒரு சேமிப்பகம் அமைக்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. இரண்டு அமர்விலும் இருந்த நீதியரசர் ஒருவர்: கே. எஸ். ராதாகிருஷ்ணன். நீதிமன்றத்தைக் குறை கூற இதனைச் சொல்லவில்லை. மலைவாழ் மக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் துணை நின்றது. கடற்கரை மீனவர்க்கு அவ்வாறு கைகொடுக்கும் சட்டம் ஒன்றும் இல்லை. நிலம் கையகப்படுத்தும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், தனியார் நிறுவனத்திற்கென்றால் நூற்றுக்கு 80 நிலவுடைமைக் குடும்பங்களின் இசைவு வேண்டும் என்கிறது; அரசு தன் பணிக்கே எடுத்துக்கொண்டால் அது வேண்டியதில்லை.

ஐந்தாண்டுக் கெடு 2018-இல் நீட்டிக்கப்பட்டது. சேமிப்பகம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் 2019 ஜூலை 10 அன்று இராதாபுரத்தில் நடக்கும் என்று அறிவித்தனர். எதிர்ப்பு எழவே கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

அத்தகைய கூட்டங்களை நடத்தும் முறை 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிற் சொல்லப்பட்டிருக்கிறது. சலிப்பூட்டும் பிற்சேர்க்கைகளைப் படிப்பது எம்போன்றோர் தொழிலாகையால் அதனையும் படித்தேன். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்டச் சுருக்கம் அப்பகுதி மொழியிலும் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் வேறோர் அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். மக்கள் கூறியவற்றைக் குறித்துக்கொண்டு, கூட்ட முடிவில் அவர்கள் மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும். எல்லாம் நல்ல விதிகளே. வாக்கெடுப்புக்கு அதில் இடமில்லை. கூட்டத்தைத் தொடங்குவதற்கு ஊரார் இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை என்று அதே பிற்சேர்க்கை தெளிவாகச் சொல்கிறது.